கையெழுத்துக்கு மேலே

ஜூலை 22, 2025
தகவல் கேக்குற மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பியாச்சு. மே 1 கிராம சபைத் தீர்மான நகல், வருகைப் பதிவோடு சேர்த்துக் கேட்டிருக்கேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினேன். எதுக்காகக் கேக்குறேன்னு எழுதல. காரணம் கேக்கக் கூடாதுன்னு தகவல் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) 6(2)லயே இருக்கு. ஆனா தபால் ஆபீஸ்ல நின்ன மூணு பேரும் கேட்டாங்க.

ஜூலை 23
குழாயில் காத்துதான்.

ஜூலை 27
மே 1 கிராம சபையில போட்ட கையெழுத்தைப் பத்தி அம்மாகிட்ட இன்னைக்கும் கேட்டேன். "நூறு நாள் வேலைக்கு வந்தவங்க எல்லாம் போட்டாங்க, நானும் போட்டேன். கையெழுத்துப் போட்டாத்தான் அட்டையில ஏத்துவோம்னாங்க." மேல என்ன எழுதியிருந்துச்சு? "ஒண்ணும் எழுதல. வெறும் பக்கம்."

இந்த வெறும் பக்கம் என்னைத் தூங்க விட மாட்டேங்குது. ஜல் ஜீவன்ல (வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணி தர்ற மத்திய அரசுத் திட்டம்) ஒரு ஊருக்கு 'எல்லா வீட்டுக்கும் தண்ணி வருது'ன்னு சான்று கொடுக்கணும்னா, கிராம சபை தீர்மானம் போடணும். வேற யாரும் போட முடியாது, கலெக்டரே ஆனாலும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் கணக்கு. எங்க வீட்டுல நாலு பேர், 220 லிட்டர். எங்க கீழத் தெரு முழுக்க நீலக் குழாயும் திருகுக் குழாயும் பளபளன்னு நிக்குது. போட்டோவுக்கு நல்லா இருக்கும்.

அந்தப் பக்கத்துல அப்புறம் என்னத்தை எழுதினாங்க?

ஆகஸ்ட் 1
ஒப்புகை அட்டை திரும்பி வந்துச்சு. அங்க கிடைச்ச தேதி 25. அதிலிருந்து 30 நாள் கெடு. அப்ப ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்னாடி அவங்க தரவே வேண்டியதில்ல. நல்லாத் தெரிஞ்சுதான் உட்காந்திருப்பாங்க.

ஆகஸ்ட் 5
சித்தப்பா வந்தார். "அவங்களப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு வீட்டு வரி ரசீது வாங்க யார்கிட்டப் போவ?" பயந்து பேசுறாரா, பயமுறுத்தச் சொல்லி யாராவது அனுப்பினாங்களா தெரியல. ரெண்டும் இருக்கும்.

அவர் கேட்ட இன்னொண்ணு: "உன்னை யாரு கூப்பிட்டா?" யாரும் கூப்பிட வேண்டாம் சித்தப்பா. ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நானே கிராம சபை. அரசியல் சட்டத்துல, 243வது பிரிவுலயே இருக்கு. வந்து பதில் சொல்ல வேண்டியவங்க அவங்க. அந்தப் பதிலைச் சொல்லத் தலைவர்னு ஒருத்தர்கூட இப்ப கிடையாது. 27 மாவட்டத்துல ஜனவரி 5ஓட பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் ஆட்சி. ஓட்டு கேட்டு வந்தவர்னா வாசல்ல நிறுத்திக் கேக்கலாம். இவர் முகமே யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 8
தண்டோரா போடல. பதினஞ்சாம் தேதி கிராம சபைக்கு நோட்டீஸ் போர்டுல ஒரு தாள், அவ்வளவுதான். இடம்: கோயில் மண்டபம்! மதம் சார்ந்த இடத்துல நடத்தக் கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் அரசு அறிவுரை வருது. கீழத் தெருவுல பாதிப் பேர் அந்தப் படி ஏற மாட்டாங்க, ஏற விட்டதும் இல்ல. யூனியன் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு முத்திரை போட்ட நகல் வாங்கிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11
பள்ளிக்கூடத்துக்கு மாத்திட்டாங்க. சந்தோஷம் ஒரு மணி நேரம் இருந்துச்சு.

ஆகஸ்ட் 12
குடம் தூக்கி அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கு.

ஆகஸ்ட் 14
மதுரைப் பக்கத்து அரிட்டாப்பட்டியப் பத்தி நினைச்சுக்கிட்டே படுத்திருக்கேன். அவங்களும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம்னு கிராம சபையிலதான் தீர்மானம் போட்டாங்க. ஜனவரியில சுரங்க ஏலம் ரத்தாச்சு. மதுரைக்கு அத்தனை ஜனம் நடந்து போகலன்னா வெறும் தீர்மானத்தை யார் மதிச்சிருப்பா? ஆனா தீர்மானம் இல்லாம நடந்திருந்தா வேற பேர் வச்சிருப்பாங்க.

நாளைக்கு நான் ஒரு வாய்க்கால் மதகுகூட மாத்தப் போறதில்ல. ஒரு வரி எழுத வைக்கணும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15
கை இன்னும் நடுங்குது. எழுதிடறேன்.

கொடியேத்தி மிட்டாய் கொடுத்த கையோட தீர்மான நோட்டு சுத்த ஆரம்பிச்சுடுச்சு. அதே நோட்டு, அதே வெறும் பக்கம். எழுந்து, எழுதின பிறகு போடுறோம்னு சொன்னேன். கிளார்க் சிரிச்சார். "ஏம்மா, 100 பேர் கையெழுத்து இருந்தாத்தான் கூட்டமே செல்லும்." ஐநூறுக்கு மேல, மூவாயிரம் ஜனத்துக்குள்ள இருக்குற ஊருக்கு அது சரிதான். வருகைக்குத் தனித் தாள் வைங்க, நூறு பேரும் போடுறோம், தீர்மானப் பக்கத்துல எழுதி வாசிச்ச பிறகுதான்னேன். கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பின பற்றாளர் வாட்சைப் பார்த்தார். பத்து ஊர் கூட்டத்துக்கு அவர் ஒருத்தரே போகணுமாம்! அதுக்கு நாங்க என்ன பண்றது?

தண்ணி விஷயம் வந்ததும், "மனுவா கொடுங்க, பரிசீலிக்கிறோம்." இதுதான் அவங்க வித்தை. மனு அவங்க ஃபைலுக்குள்ள போயிடும். தீர்மானம் ஊர் நோட்டுல நிக்கும். எதிர்வீட்டு அத்தை, இத்தனை வருஷத்துல ஒரு கூட்டத்துலயும் வாய் திறக்காதவங்க, நேரா மேஜைக்கே போயிட்டாங்க. "எழுது தம்பி. கீழத் தெருவுல தண்ணி வரல. எழுதிட்டு வாசி." 'குடிநீர் விநியோகத்தை மேம்படுத்த'ன்னு ஆரம்பிச்சார் கிளார்க். அடிக்க வச்சாங்க. கை தூக்கினவங்க தொண்ணூறுக்கு மேல இருப்பாங்க. எழுதி, வாசிச்சு, அப்புறம்தான் கையெழுத்து. நோட்டை மூடுறதுக்குள்ள போட்டோ எடுத்துட்டேன்.

மே 1 பக்கத்தைக் காட்டுங்கன்னேன். "அதான் ஆர்டிஐ போட்டிருக்கீங்கல்ல, வரும்."

ஆகஸ்ட் 16
தொண்டை கட்டிடுச்சு. குழாயில் காத்து.

ஆகஸ்ட் 20
தண்ணி திறந்துவிடுறவர் என்னைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிட்டார். பாவம், வால்வு மட்டும்தானே அவர் கையில.

ஆகஸ்ட் 25
30 நாள் முடிஞ்சது. ஒண்ணும் வரல. முதல் மேல்முறையீடு எழுத உட்காந்தேன், 19(1). கெடு தாண்டினா நகலுக்குக் காசு வாங்கக் கூடாது, 7(6). அதுல ஒரு அற்ப சந்தோஷம்.

ஆகஸ்ட் 29
கவர் வந்துச்சு. நகல்ல மூணாவது பக்கம்: அனைத்து வீடுகளுக்கும் குழாய் இணைப்பு வழங்கப்பட்டு நாள்தோறும் குடிநீர் பெறப்படுவதை இச்சபை ஏகமனதாக உறுதி செய்கிறது. கீழ அம்மா கையெழுத்து.

போட்டோவைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ஒரு தாள்ல தண்ணி வருது, ஒரு தாள்ல வரல. ரெண்டுலயும் அதே கையெழுத்து, அதே கோணல். அம்மாகிட்ட இன்னும் காட்டல.

ஆகஸ்ட் 31
காட்டிட்டேன். அழல. "கலெக்டர்கிட்ட நானே சொல்றேன்" என்கிறா. முழங்காலோட எப்படி?

செப்டம்பர் 1
குறைதீர் கூட்டம். ஆறே முக்கால் பஸ். ஜெராக்ஸ் மூணு செட். வந்து எழுதுறேன்.