ஸ்ட்ரெஸ் டெஸ்ட்ல மருந்து ஏத்தும்போது வர்ற நெஞ்சு வலி

முட்டி வலியால டிரெட்மில்ல ஓட முடியாதுன்னு எனக்கு மருந்து ஏத்திப் பண்ற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (இதயத்து ரத்தக் குழாயில அடைப்பு இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட்) எழுதிக் கொடுத்தாங்க. அடினோசின்னு ஒரு மருந்து, அது இதயத்துக்குப் போற ரத்தக் குழாயை நல்லா விரிச்சு விடும், அடைப்பு இருக்கிற குழாய் மட்டும் அந்த அளவுக்கு விரியாது, அதனால அந்தப் பக்கம் ரத்தம் கம்மியாப் போறது ஸ்கேன்ல தெரிஞ்சிரும். முந்தின நாளே காபி டீ எல்லாம் நிறுத்தச் சொன்னாங்க, இதை லேசா எடுத்துக்காதீங்க, கஃபைன் உடம்புல இருந்தா மருந்து சரியா வேலை செய்யாது, சில தலைவலி மாத்திரையிலகூட கஃபைன் இருக்கு.

கையில ஊசி, நெஞ்செல்லாம் ஈசிஜி வயர், இன்னொரு கையில பிபி பட்டை. மருந்து ஏத்துற பம்ப் ஆன் பண்ணி கொஞ்ச நேரத்துல மூஞ்சி குப்புன்னு சூடாச்சு, தொண்டை இறுகுச்சு, எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பத்தல, அப்புறம் நடு நெஞ்சுல ஆரம்பிச்சு தாடை வரைக்கும் ஒரு அழுத்தம். ஹார்ட் அட்டாக்தான்னு நினைச்சுட்டேன், உண்மையிலேயே பயந்துட்டேன். நான் சொன்னதும் நர்ஸ் "வலிக்குதா சார், பத்துக்கு எவ்வளவு சொல்லுங்க, மருந்து பண்ற வேலைதான், பேசிக்கிட்டே இருங்க"ன்னு மானிட்டரை விட்டு கண்ணை எடுக்கவே இல்ல. பாதியில ஸ்கேனுக்கான ஐசோடோப் ஊசியும் (ரத்தம் போற இடத்தை ஸ்கேன்ல காட்டுற கதிரியக்க மருந்து) போட்டாங்க. பம்பை நிறுத்தின கொஞ்ச நேரத்துலயே வலி கரைஞ்சு போச்சு. ரத்தத்துல இந்த மருந்தோட பாதி ஆயுசு, அதாவது இருக்கிற மருந்துல பாதி காலியாக ஆகுற நேரம், 10 செகண்டுக்கும் கம்மியாம்.

அப்புறமா டாக்டர்கிட்ட கேட்டேன். அடினோசின் வலி நரம்பையே நேரடியாத் தூண்டி விடும், அதனால குழாய் சுத்தமா இருக்கிறவங்களுக்கும் இந்த வலி வரும், வலி வந்துச்சுங்கிறதை மட்டும் வச்சு அடைப்புன்னு சொல்ல மாட்டோம், ஈசிஜியும் ஸ்கேனும்தான் முடிவு பண்ணும்னாரு. எனக்கு ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. இந்த விளக்கத்தை முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா அவ்வளவு பதறியிருக்க மாட்டேன், அதான் எழுதுறேன்.

வலி வந்தா பல்லைக் கடிச்சுட்டு சும்மா இருக்காதீங்க, உடனே சொல்லுங்க, தாங்கலைன்னா பம்பை நிறுத்திருவாங்க, தேவைப்பட்டா அடினோசினோட வேலையை முறிக்கிற அமினோபிலின்னு ஒரு மருந்தும் இருக்கு. ஆஸ்துமா இருந்தா டெஸ்ட்டுக்கு முன்னாடியே கண்டிப்பா சொல்லிருங்க, அவங்களுக்கு இந்த மருந்து ஆகாது, டோபுடமின் மாதிரி வேற மருந்து வச்சுப் பார்ப்பாங்க. டெஸ்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் நெஞ்சு வலிச்சா, அது மருந்தோடதுதான்னு விட்டுறாம உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.