தீர்ந்துபோன பாலுக்கு வந்த அறிக்கை

ஆய்வக அறிக்கை வெள்ளிக்கிழமை மதியம் என் மேசைக்கு வந்தது. மாதிரி எடுத்தது திங்கட்கிழமை காலை. காய்ச்சாமல் குடிப்பதற்கென்று பண்ணையிலேயே விற்கிற பாலில், ஒரு மில்லிலிட்டருக்கு 20,000-க்கு மேல் நுண்ணுயிர்கள் இருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அறிக்கையில் இருந்த எண் லட்சத்தைத் தாண்டியிருந்தது. பதறிப்போய்ப் பண்ணைக்குத் தொலைபேசி செய்தேன்.

"திங்கட்கிழமைப் பாலா தம்பி? அது அன்றைக்கே தீர்ந்துவிட்டதே" என்றார் பண்ணையை நடத்தும் அம்மா. குரலில் கேலி இல்லை. தீர்ந்துபோன பாலுக்காக வெள்ளிக்கிழமை ஒருவன் ஏன் இப்படிப் படபடக்கிறான் என்று அவருக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்.

வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத சமயம். பரிசோதனைத் தட்டை 30 டிகிரி வெப்பத்தில் 72 மணி நேரம் வைத்திருந்தால்தான் நுண்ணுயிர்கள் எண்ணுகிற அளவுக்குத் திட்டுத் திட்டாக வளரும் என்று படித்திருந்தேன். அதற்குள் பாலைக் குடித்துச் செரித்தும் விடுவார்கள் என்பது பாடத்தில் இல்லை. பச்சைப் பாலைக் கண்காணிப்பவன் கையில் எப்போதும் இருப்பது பழைய செய்தித்தாள்தான்.

மறுநாள் மூத்த ஆய்வாளர் ஒருவருடன் அந்தப் பண்ணைக்குப் போனேன். ஈ மொய்க்கும் தொழுவத்தை எதிர்பார்த்துப் போனவனுக்கு ஏமாற்றம். கழுவிவிட்ட தரை காய்ந்திருந்தது. மடி துடைக்க ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி. முதல் நான்கைந்து பீச்சுகளைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டு, திரிதிரியாக ஏதாவது வருகிறதா என்று பார்த்த பிறகே அந்த அம்மா கறவை இயந்திரத்தை மாட்டினார். நான்கு குழித் தட்டில் நான்கு காம்பின் பாலையும் தனித்தனியே பிடித்து, மடிநோய்க்கான கரைசலைக் கலந்து சுழற்றிப் பார்த்தேன். ஒரு மாட்டிடமும் பால் கொழகொழக்கவில்லை. குளிரூட்டும் தொட்டி 4 டிகிரி காட்டியது. என் படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் 'சரி' என்று குறித்தாகிவிட்டது. ஆனால் எண் லட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

மூத்தவர் அதுவரை வாயே திறக்கவில்லை. கறவை முடிந்ததும் இயந்திரத்தின் காம்புக் குழாய் ஒன்றைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் உறையை உருவி, கையுறையைத் திருப்புவது போல உள்புறத்தை வெளியே திருப்பினார். டார்ச் அடித்தார். ரப்பரில் மயிரிழை போலப் பல வெடிப்புகள். ஒரு வெடிப்பை விரலால் அகட்டினால் உள்ளே மஞ்சள் மெழுகு போல ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி என் மூக்கருகே நீட்டினார். அந்த நாற்றத்தை இன்றும் என்னால் நினைவுபடுத்திக்கொள்ள முடியும். பால் கொழுப்பு பல மாதங்களாக அங்கே படிந்து, ஒவ்வொரு கறவையின்போதும் புதுப் பாலைத் தொட்டுத் தொட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு கறவைக்கு ஒருமுறை உறையை மாற்ற வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எத்தனை கறவை ஆயிற்று என்று அந்த அம்மா எண்ணவில்லை. என் படிவத்திலும் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

அன்றிலிருந்து, பாலைச் சோதிப்பதைவிடப் பண்ணையின் பழக்கங்களைச் சோதிப்பதில்தான் எனக்கு அக்கறை. பாலைப் பற்றிய செய்தி தாமதமாக வரும். வெடித்த ரப்பர் இன்றைக்கே கண்ணில் படும்.

இந்த வேலையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: "மாடு நன்றாகத்தானே சார் இருக்கிறது?" மால்ட்டா தீவில் வெள்ளாடுகளும் நன்றாகத்தான் இருந்தன. அங்கிருந்த பிரிட்டிஷ் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் 1887-இல் பிரித்தெடுத்துவிட்டார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய மேலும் 18 ஆண்டுகள் பிடித்தன. 1905-இல் தெமிஸ்டோக்ளிஸ் ஸாமிட், நோயின் அறிகுறியே இல்லாத ஆடுகளின் இரத்தத்தில் அதைக் கண்டார். மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. மாடுகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமி அதற்கு நெருங்கிய உறவு என்று அமெரிக்காவின் ஆலிஸ் இவான்ஸ் 1918-இல் எழுதியபோது, பெரிய விஞ்ஞானிகளே நம்பவில்லை. பச்சைப் பால் ஆபத்து என்று சொன்ன அவரை 1922-இல் ஆய்வகத்திலேயே அந்தக் கிருமி தொற்றியது. பிறகு பல ஆண்டுகள் விட்டுவிட்டுக் காய்ச்சலில் கிடந்தார். நிரூபணத்துக்கு இவ்வளவு விலை கொடுத்த ஒருவரைப் பற்றி எங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு வரி கூடச் சொல்லவில்லை என்பது எனக்குக் குறைதான்.

இ.கோலி ஓ157 என்ற குடல் கிருமி இன்னும் மோசம். மாட்டின் குடலில் அது சும்மா குடியிருக்கும். மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. சாணத்தின் ஒரு துளி காம்பில் ஒட்டினால் போதும். நூறுக்கும் குறைவான கிருமிகளே ஒரு குழந்தையைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடும், சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யவும் கூடும். அந்த அளவுக்குக் குறைந்த எண்ணிக்கையைத் தொட்டி முழுவதிலிருந்தும் ஒரு சின்னப் புட்டியில் பிடித்துவிடலாம் என்று நம்புவது பேராசை. லிஸ்டீரியா என்ற கிருமியோ குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் நிதானமாகப் பெருகும்.

ஒருமுறை புதிய விதிகளின் வரைவுக்குக் கருத்து எழுதும் வேலை எனக்கு வந்தது. பிற நாட்டுச் சட்டங்களை அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். ஸ்காட்லாந்து 1983-இலும் கனடா 1991-இலும் பச்சைப் பால் விற்பனையைத் தடை செய்துவிட்டன. அமெரிக்கா 1987-இல் மாநில எல்லை தாண்டி விற்பதை நிறுத்தியது. மாநிலத்துக்குள் அந்தந்த அரசின் விருப்பம். இங்கிலாந்தில் எச்சரிக்கை வாசகத்துடன் பண்ணையாளரே நேரடியாக விற்கலாம். முழுத் தடைதான் சரி என்று முதலில் நினைத்தேன். எழுதுவதற்கும் அதுதான் எளிது, ஒரே வரி.

ஆனால் தடை உள்ள இடங்களில் மனிதர்கள் கண்டுபிடித்த வழிகளைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. அமெரிக்காவில் பால் விற்காமல் மாட்டில் பங்கு விற்றார்கள். பங்குதாரர் தன் மாட்டின் பாலைத்தானே குடிக்கிறார், அதை யார் கேட்பது? 'செல்லப் பிராணிகளுக்கு மட்டும்' என்று எழுதி விற்றவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 'குளியல் பால்' என்ற பெயரில் விற்றார்கள், குடிக்கும் பாலைப் போன்ற புட்டியிலேயே. 2014-இல் குழந்தைகள் நோயுற்ற பிறகு, அப்படி விற்பவர்கள் கிருமியை நீக்க வேண்டும் அல்லது குடிக்க முடியாதபடி கசப்பைக் கலக்க வேண்டும் என்று விக்டோரியா மாநிலம் உத்தரவிட்டது. குளிக்கிற பாலுக்குக் கசப்பு எதற்கு என்று கேட்டால், பதில் எல்லோருக்கும் தெரியும்.

நியூசிலாந்தின் விதிகள்தான் எனக்குப் பிடித்தன. 2016 மார்ச் முதல் அங்கே பண்ணை பதிவு செய்திருக்க வேண்டும், இடைத்தரகரிடம் பாலைக் கொடுத்து விற்க முடியாது, வாங்குபவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் எழுதி வைக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை எங்கள் வரைவிலும் சேர்க்கச் சொன்னேன். அலுவலகத்தில் சிரித்தார்கள். பண்ணையாளர்கள் கோபப்பட்டார்கள். "பால் விற்பதா, கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பதா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கைதட்டலும் கிடைத்தது. ரப்பர் உறை அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது தொட்டிக்கு அருகே ஆணியில் ஒரு நோட்டு தொங்கியது.

வாங்க வருபவர்களோடு வாதாடுவதை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். கிருமி சாக 72 டிகிரியில் 15 விநாடி, அல்லது 63 டிகிரியில் 30 நிமிடம் சூடேறுவதால் புரதமும் கால்சியமும் ஓடிப்போவதில்லை, சில வைட்டமின்களில் சிறிதளவு குறையும் என்று சொல்லிப் பார்த்தேன். புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பவரிடம் எண்கள் எடுபடாது. அவர்களும் குழந்தைக்கு நல்லது கொடுக்கத்தான் வந்து நிற்கிறார்கள்.

பதினோராம் ஆண்டு, ஒரு மாலையில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு. நான்கு வயதுக் குழந்தை, இரத்தப்போக்குடன் வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைந்துவிட்டது. குடித்த பால் அந்த அம்மாவின் பண்ணையிலிருந்து. அந்த முதல் அறிக்கைக்குப் பிறகு, எங்கள் பதிவேட்டில் தொடர்ந்து எல்லாச் சோதனைகளிலும் தேறிய பண்ணை.

நோட்டில் 38 பெயர்கள். தொழுவத்து வாசலில் பால் கேன்களைக் கவிழ்த்துப்போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்தோம். அவர் எண்ணைப் படிக்க நான் அழைத்தேன். ஈரக்கையால் புரட்டிப் புரட்டிப் பக்க ஓரங்கள் அப்பளம்போல் முறுக்கியிருந்தன. சில எண்களில் மை கலைந்து 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை, இரண்டுக்கும் அழைத்தோம். பதினேழாவது வீட்டில் இன்னொரு குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுவலி. 'ஏதோ தின்றது ஒத்துக்கொள்ளவில்லை' என்று மருத்துவரிடம் காட்டாமல் வைத்திருந்தார்கள். அன்றிரவே மருத்துவமனைக்குப் போனார்கள். இரண்டு குழந்தைகளும் பிழைத்தார்கள். முதல் குழந்தைக்கு இரண்டு வாரம் டயாலிசிஸ் தேவைப்பட்டது.

தொட்டியில் இருந்த பாலில் ஒன்றும் கிடைக்கவில்லை. 23 மாடுகளின் சாணத்தைச் சோதித்ததில் இரண்டில் ஓ157 இருந்தது. இரண்டும் பளபளவென்று நல்ல மாடுகள்.

"எந்த நாள் பால் தம்பி அது?" என்று அந்த அம்மா கேட்டார். என் தலை நரைத்த பிறகும் அவருக்கு நான் தம்பிதான். தெரியாது என்றேன். உரிமத்தை இடைநிறுத்தும் ஆணையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மறுபடி விண்ணப்பிக்கவே இல்லை. அந்தப் பால் இப்போது டேங்கரில் பதப்படுத்தும் ஆலைக்குப் போகிறது.

அடுத்த வாரம் ஒருவர் என் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். பெயரைச் சொன்னதும் நினைவு வந்தது. அந்த 38 பேரில் ஒருவர். நன்றி சொல்லப் போகிறாரோ என்று நினைத்தேன். "உரிமம் உள்ள வேறு பண்ணை பக்கத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பட்டியல் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியது. இரண்டு முகவரிகள் சொன்னேன். காய்ச்சிக் குடியுங்கள் என்றேன். "பார்க்கலாம் சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.