துவர்க்கும் ஆப்பிள்

பாரிஸில் சான்-லசார் நிலையத்தில் ரயில் ஏறி லிசியூவில் இறங்கினோம். கூட்டம் புனித தெரேசாளின் பசிலிக்காவை நோக்கி நடந்தது. நாங்கள் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு காம்ப்ரமேர் பக்கம் போனோம். நார்மண்டியில் இந்த வட்டாரத்துக்குப் பே தோஜ் என்று பெயர். ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் சைடருக்கென்றே இங்கே சுமார் 40 கிலோமீட்டருக்கு ஒரு சாலை சுற்றி வருகிறது. பண்ணை பண்ணையாக நின்று ருசி பார்க்கலாம். மனைவி குடிப்பதில்லை, அதனால் கார் அவள் கையில்.

அக்டோபர் கடைசி. மரத்தடியெல்லாம் சின்னச் சின்னப் பழங்கள். பழுத்து உதிர்ந்ததைத்தான் சேர்க்கிறார்கள். ஒன்றை எடுத்தேன். "கடிச்சுப் பாருங்க" என்றார் பண்ணைக்காரம்மா. கடித்ததும் வாழைப்பிஞ்சைத் தின்றதுபோல் நாக்கு இழுத்துக்கொண்டது. அப்படியொரு துவர்ப்பு! இனிப்பு, புளிப்பு, கசப்பு என்று பல ரகங்களைக் கலந்துதான் சாறு பிழிகிறார்கள். சைடரின் சுவைக்குக் கனத்தைக் கொடுப்பது இந்தத் துவர்ப்புதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அந்த சைடரையே காய்ச்சி வடித்தால் கால்வடோஸ், அதாவது ஆப்பிள் பிராந்தி. நார்மண்டிப் பிரபு ஜில் த கூபெர்வில் 1553-லேயே தன் நாட்குறிப்பில் சைடர் வடிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். பே தோஜ் கால்வடோஸ் என்ற பெயருக்கு 1942-ல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. செம்புக் கொப்பரையில் இரண்டு முறை வடிக்க வேண்டும். முதல் வடிப்பில் 30 சதவீத ஆல்கஹாலோடு வரும் சாராயம் இரண்டாவதில் 70-ஐத் தொடும். பிறகு குறைந்தது 2 வருஷம் ஓக் பீப்பாயில் கிடக்கும்.

பண்ணைக்காரம்மா சைடர், கால்வடோஸ் இரண்டையும் ஒரே கிளாஸில் சேர்த்துக் கொடுத்தார். 40 மில்லி கால்வடோஸ், 15 மில்லி எலுமிச்சைச் சாறு, தேனும் வெந்நீரும் சரிபாதி கலந்து ஆறவைத்த கரைசல் 10 மில்லி. இவற்றைப் பனிக்கட்டியோடு குலுக்கி வடிகட்டினார். அதன்மேல் குளிர்ந்த சைடர் 90 மில்லி. இதை மட்டும் குலுக்கவே கூடாது, நுரை போய்விடும். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஊற்றி, அடியிலிருந்து கரண்டியால் ஒரே ஒரு சுற்று.

முதலில் நுரை, பின்னால் தேன், தொண்டையில் பிராந்தியின் சூடு. எல்லாம் இறங்கிய பிறகு, தோட்டத்தில் கடித்த அதே துவர்ப்பு நாக்கின் ஓரத்தில் நின்றது. பத்துப் பதினைந்து வருஷப் பழசை இதில் ஊற்றாதீர்கள், பாவம். அது தனியாகச் சப்பிக் குடிக்க வேண்டியது. 2, 3 வருஷத்துக் கால்வடோஸில்தான் பழவாசனை தூக்கலாக இருக்கும், கலவைக்கு அதுவே பொருத்தம்.

பாரிஸ் திரும்பிய இரவே செய்து பார்த்தேன். வழியில் வாங்கிய சைடர் 'தூ' வகை, இனிப்பு. கிளாஸில் பாயசம்தான் இருந்தது. இனிப்பு குறைந்த 'ப்ரூட்' வகை வேண்டும் என்று மறுநாள் கடை கடையாக ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் கிடைத்தது.