சின்னக் கைக்கு ஒரு டெனர் ரெக்கார்டர்

டெனர் ரெக்கார்டர் என்ற ஊதுகுழலின் நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சுமார் 65 செ.மீ. இருக்கும், சின்ன ரெக்கார்டரான சோப்ரானோவின் அதே விரலமைப்புதான், ஒரு ஸ்தாயி கீழே. சிக்கல் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தில்தான். என் வலது மோதிர விரல் ஒரு மயிரிழை விலகினாலும் சுரம் கீச்சிட்டுவிடும். விரல் நுனியை விட்டுச் சதைப்பகுதியால் மூடிய பிறகுதான் சரியானது.

மிகக் கீழ்ச்சுரமான 'சி'க்குச் சாவி (விரலால் அழுத்தினால் துளையை மூடும் நெம்பு) இருப்பதையே எடுங்கள், இதில் சமரசமே வேண்டாம். அடித்துண்டைத் திருப்பிச் சாவியைச் சுண்டுவிரலுக்கு நேராக வைக்கலாம். சில மாடல்களில் மேலே உள்ள துளைகளுக்கும் சாவி உண்டு. கழுத்து வளைந்த மாடல் என்றால் கைகள் உடலை ஒட்டி வரும், தோள் இறுகாது. அப்புறம், கடையில் பத்து நிமிடமாவது கீழ்ச்சுரங்களை ஊதிப் பாருங்கள். கட்டைவிரல் அடியில் வலித்தால் அந்தக் கருவி வேண்டாம்.