ஒட்டிப்போன கன்னத்துக்கு ஊசியா, கத்தியா?

சர்க்கரை இருப்பது தெரிந்தபோது என் எடை 71 கிலோ, மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.1. ஒன்றரை வருடம் விடாமல் நடந்தேன், இட்லியை எண்ணிச் சாப்பிட்டேன். எடை 58-க்கு வந்தது, சராசரி 6.4 ஆனது. சர்க்கரை டாக்டர் பாராட்டினார். திருச்சியில் அவரைத் தவிர வேறு யாரும் பாராட்டவில்லை. "என்னாச்சு டீச்சர், கன்னமெல்லாம் டொக்கு விழுந்துபோச்சே" என்று கோயிலில், ரேஷன் கடையில், பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் கேட்காதவர் இல்லை. நம் ஊரில் ஒருத்திக்குக் கன்னம் ஒட்டினால் சர்க்கரை முற்றிவிட்டது, இல்லை மருமகள் சோறு போடுவதில்லை. எனக்கு மருமகள் கிடையாது.

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். ஐப்பசியில் நிச்சயதார்த்த போட்டோக்களைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. 49 வயதுக்கு 60 மாதிரி நின்றிருந்தேன்.

முதலில் போனது, எப்போதும் போகும் பார்லருக்கு. "ஃபில்லர் போட்டா ஒரே நாள்ல கன்னம் வந்துடும், எட்டாயிரம்தான்" என்றார்கள். ஃபில்லர் என்றால் குழியை நிரப்ப ஊசியில் போடும் மருந்து. என்ன மருந்து என்று கேட்டேன். "கொரியா மருந்து மேடம்." டப்பாவைக் காட்டுங்கள் என்றதும் பேச்சு ஃபேஷியல் பக்கம் திரும்பியது. புருவத்தை மட்டும் திருத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்துத் தோல் டாக்டர். எனக்கு ஏற்றது ஹைலுரானிக் அமில ஜெல் என்றார். நம் தோலிலும் மூட்டிலும் இயல்பாகவே இருக்கிற பொருள்தான், சீக்கிரம் கரையாதபடி கெட்டியாக்கி ஊசியில் தருகிறார்கள். ஒரு வருடம், கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும். பிடிக்காவிட்டால் கரைக்க வேறோர் ஊசி உண்டு. கரைக்க முடியாத வகைகளும் இருக்கின்றனவாம். "முதல் தடவைக்கு அதெல்லாம் வேண்டாம்" என்று அவரே ஒதுக்கிவிட்டார். அப்புறம் அவராகவே, ஆபரேஷன் வழியையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்று சென்னையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சர்ஜன் கேட்ட முதல் விஷயம் பத்து வருடத்துக்கு முந்தைய போட்டோ. நல்லவேளை, போனில் மகளின் மஞ்சள் நீராட்டு ஆல்பம் இருந்தது. அதையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முகத்துக்குள் கொழுப்பு ஒரே அடுக்காக இல்லை, தனித்தனி மெத்தைகளாக இருக்கிறது, எனக்குக் கன்னத்தின் நடு மெத்தையும் நெற்றிப்பொட்டும் வற்றியிருக்கின்றன என்று கண்ணாடியில் காட்டினார். கன்ன எலும்பின் மேல் சிலிக்கோன் பதிக்கும் ஆபரேஷனும் உண்டு. ஆனால் எனக்குக் குறைந்தது எலும்பு இல்லை, சதை என்பதால் அதை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

மீதி நேரமெல்லாம் கொழுப்பு மாற்றம் பற்றித்தான். 1893-லேயே நாய்பர் என்ற ஜெர்மன் டாக்டர் கையிலிருந்து கொழுப்பை எடுத்து ஒருவரின் முகக் குழியை நிரப்பியிருக்கிறாராம். இப்போது வயிற்றிலோ தொடையிலோ மெல்லிய குழாயால் உறிஞ்சி, மெஷினில் சுழற்றி ரத்தத்தையும் எண்ணெயையும் பிரித்து, நல்ல கொழுப்பைத் துளித்துளியாக முகத்தில் வைக்கிறார்கள். ஒவ்வொரு துளியும் பக்கத்துச் சதையிலிருந்து ரத்தம் கிடைத்தால்தான் பிழைக்கும். நாற்று நடுவது மாதிரி. மொத்தமாகக் கொட்டினால் அழுகிவிடும். பாதி பிழைத்தாலே நல்லது, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பார்கள். இரண்டு மூன்று வாரம் முகம் வீங்கியிருக்கும், கடைசி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். பிழைத்தது நிரந்தரம்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. அவரே அணை போட்டார். "அது வயித்துக் கொழுப்பும்மா. முகத்துக்கு வந்தாலும் குணம் மாறாது. நீங்க இன்னும் இளைச்சா அதுவும் இளைக்கும், குண்டானா அதுவும் குண்டாகும். எடை ஒரு வருஷம் ஒரே இடத்துல நிக்கட்டும், அப்புறம் வாங்க." ஆபரேஷன் செய்தால் அவருக்குத்தான் வரவு. அந்த மனிதர் வேண்டாம் என்று சொன்னது எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆபத்தையும் மறைக்கவில்லை. ஜெல்லோ கொழுப்போ, தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் செத்துப்போகலாம், மிக அரிதாகக் கண் பார்வையே போகலாம். ஜெல்லையாவது கரைக்க முடியும். பார்வை போய்விட்டால் அதுவும் உறுதியில்லை. ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கண்ணு போறதுக்குக் கன்னம் ஒட்டியே இருக்கட்டும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

கடைசியில் ஜெல்தான். எடை, கல்யாணத் தேதி என்று எல்லோரிடமும் காரணம் சொன்னேன். உண்மையில், தப்பாகிவிட்டால் திரும்பிவர ஒரு வழி இருக்கிறது என்பதுதான் என்னைத் தள்ளியது. 1 மில்லி 28,000, எனக்கு இரண்டு. அழகு சிகிச்சை என்பதால் மருத்துவக் காப்பீடு கிடையாது, 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. மொத்தம் 66,080. கொழுப்பு மாற்றத்துக்குச் சொன்ன தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

உடனே போடவும் இல்லை. எனக்குப் பல்லில் வேர் சிகிச்சை ஒன்று பாதியில் நின்றிருந்தது. அதை முடித்து இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள், பல்லிலிருந்து கிருமி பரவக் கூடாதாம். சர்க்கரை ரிப்போர்ட்டையும் புதிதாகக் கேட்டார்கள்.

ஊசி போட்ட அன்றைக்குத் தோல் டாக்டர் டப்பாவை என் கண் முன்னால் பிரித்தார். மருந்தின் பேட்ச் நம்பர் ஸ்டிக்கரில் ஒன்றை என் ஃபைலில் ஒட்டினார். கரைக்கும் மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். ஜெல்லிலேயே மரத்துப்போகும் மருந்து கலந்திருப்பதால் வலி குறைவு, உள்ளே எதையோ நகர்த்துகிற மாதிரி ஓர் உணர்வுதான் பிடிக்கவில்லை. நடுநடுவே தோலை அழுத்தி, விட்டதும் ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நம் நிறத்தில் வெளிறுவது சட்டென்று தெரியாதாம். அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டேன்.

இடது கன்னம் பத்து நாள் நீலம் பாய்ந்திருந்தது. ஸ்டாஃப் ரூமில் பல் வலி என்று சொல்லிவிட்டேன். எண்ணெய்க் குளியல், ஃபேஷியல், குப்புறப் படுப்பது எல்லாம் இரண்டு வாரம் தடை. ஒரு சின்னக் கட்டி கையில் தட்டியது. அழுத்தாதே என்றார்கள், அழுத்தினேன், திட்டு வாங்கினேன், மூன்று வாரத்தில் அது தானாக அமுங்கியது. கல்யாணத்தில் என் சின்ன நாத்தனார் மட்டும், "அண்ணி, மாத்திரையை மாத்திட்டீங்களா? முகத்துல தெளிவு வந்திருக்கு" என்றாள். ஆமாம் என்றேன்.

இப்போது பதினாலு மாதம். பாதி கரைந்துவிட்டது, போட்டோவில் தெரிகிறது. எடை ஒரு வருடமாக 58-ஐச் சுற்றியே நிற்கிறது. அடுத்த மாதம் சர்ஜனைப் பார்க்கத் தேதி வாங்கியிருக்கிறேன். வீட்டுக்காரர் இன்னும் அதே வசனம்தான் பேசுகிறார். ஆனால் சென்னைக்கு ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்தது அவர்தான்.