64 பிட் செயலி, 32 பிட் யூஇஎஃப்ஐ: ஒரு பழைய மடிக்கணினியில் லினக்ஸ்

இன்டெல்லின் பே டிரெயில் வகை ஆட்டம் (Atom) செயலி கொண்ட என் சிறிய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவ முற்பட்டபோது, பென் டிரைவைச் செருகியும் துவக்கப் பட்டியலில் அதன் பெயரே தோன்றவில்லை. கையொப்பமிடப்படாத துவக்க நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதியை அணைத்தேன். பென் டிரைவை இரண்டு முறை புதிதாக எழுதினேன். பலனில்லை.

செயலி 64 பிட் வகையாக இருந்தும், உடன் வந்த யூஇஎஃப்ஐ, அதாவது கணினியை இயக்கியதும் இயங்குதளத்தைத் துவக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள், 32 பிட் வகையாக இருந்ததே காரணம். யூஇஎஃப்ஐ தன் வகைக்குரிய துவக்கக் கோப்பை மட்டுமே தேடும் என்பதால், 64 பிட்டுக்குரிய பூட்எக்ஸ்64 கோப்பு மட்டும் உள்ள பென் டிரைவ் அதன் கண்ணில் படாது. அந்தக் கோப்பு இருந்த கோப்புறையிலேயே 32 பிட்டுக்குரிய பூட்ஐஏ32 கோப்பைச் சேர்த்ததும், கறுப்புத் திரையில் லினக்ஸின் துவக்க நிரலான க்ரப்பின் பட்டியல் எழுந்து நின்றது. அந்த நொடியில் உண்மையாகவே மகிழ்ந்தேன்.

2014இல் வெளியான லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையக் கரு) 3.15 முதலே, 32 பிட் யூஇஎஃப்ஐயிலிருந்து 64 பிட் கெர்னலைத் துவக்க முடியும். இதை அறியாமல் பலர் 32 பிட் இயங்குதளத்தோடு நின்றுவிடுவது தேவையற்ற இழப்பு என்றே கருதுகிறேன்.

நிறுவிய பிறகும் கணினி துவங்கவில்லை. நிறுவும் நிரல் 64 பிட் க்ரப்பை வட்டில் எழுதியிருந்தது; பென் டிரைவிலிருந்து மீண்டும் துவக்கி, வட்டில் நிறுவிய லினக்ஸுக்குள் நுழைய உதவும் சிஎச்ரூட் கட்டளை வழியே உள்ளே சென்று 32 பிட் க்ரப்பை நிறுவ வேண்டியிருந்தது.

எஞ்சியது, வேலையின் நடுவே கணினி அப்படியே உறைந்துபோகும் சிக்கல். இவ்வகைச் செயலிகள் ஆழ்ந்த உறக்க நிலைக்குச் செல்லும்போது நேரும் கோளாறு இது. கெர்னல் துவக்க வரியில் இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1 (intel_idle.max_cstate=1) எனச் சேர்த்தபின் அது நின்றது; பேட்டரி மட்டும் சற்று விரைவாகத் தீர்கிறது.