பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து: பெரம்பூரிலிருந்து ஒரு அனுபவம்

மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பும் நேரத்தில் எங்கள் பூனை சொக்கி ஓயாமல் சொறிய ஆரம்பித்தாள். வால் தொடங்கும் இடத்தில் முடி கொட்டி, தோல் சிவந்திருந்தது. பேன் சீப்பால் முதுகை வாரினேன். கறுப்பாகப் பொடி விழுந்தது. ஈரத் துணியில் வைத்துத் தேய்த்ததும் செம்பழுப்பாகக் கரைந்தது. மண் அப்படிக் கரையாது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது அது குடித்துக் கழித்த ரத்தம்.

மருந்து வாங்கக் கடைக்குப் போனேன். டாக்டர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. நாய்க்கான சொட்டு மருந்து ஒன்றை எடுத்து வைத்து, "இதுல பாதி போடுங்க மேடம், பூனைக்கு அது போதும்" என்றார் கடைக்காரர். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் பெர்மெத்ரின் என்று இருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அந்தப் பெயர் எனக்கு மறக்காது. முந்தைய வருடம் கீழ்வீட்டு அக்காவின் பூனைக்கு இதே மாதிரி ஒரு மருந்தை யாரோ கொடுத்துவிட்டார்கள். காலையில் கழுத்தில் விட்டது; இரவு காதும் மீசையும் துடிக்க ஆரம்பித்தன. அப்புறம் கால் நடுங்கி, எச்சில் ஒழுகி, வலிப்பே வந்துவிட்டது. டாக்டர் போனில் சொன்னபடி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்து கழுத்தைக் கழுவினோம். சூடான தண்ணீர் கூடாது, மருந்து இன்னும் வேகமாக உள்ளே இறங்கும்; குளிர்ந்த தண்ணீரும் கூடாது, உடம்பு சில்லிட்டுப் போகும். துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டு ஓடினோம். இதற்கு முறிவு மருந்து கிடையாது. நடுக்கத்தை அடக்க ஊசி, சலைன், காத்திருப்பு, அவ்வளவுதான். பூனை பிழைத்தது. வைத்தியத்துக்குத் தாமதமானால் பிழைப்பது கஷ்டம்.

நாய்க்கு ஒன்றும் செய்யாத மருந்து பூனைக்கு மட்டும் ஏன் விஷமாகிறது? நாயின் கல்லீரல் பெர்மெத்ரினை உடைத்து வெளியேற்றிவிடும். அதற்கு வேண்டிய நொதி பூனையிடம் மிகக் குறைவு. நாய்ச் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் 40 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. பாதி போட்டாலும் அது பூனைக்குப் பேரளவுதான். மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுத்தால்கூடப் பூனைக்கு ஆபத்து வரலாம். நமக்குச் சொறி சிரங்குக்குத் தரும் 5 சதவீத க்ரீமிலும் இதே பெர்மெத்ரின்தான், அதனால் அதையும் பூனைக்குத் தடவக் கூடாது. நாய், மாட்டு உண்ணிக்கு விற்கும் டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் கரைசல்களும் வேண்டாம். "இயற்கையானது" என்று கற்பூரம், அந்துருண்டை, டீ ட்ரீ எண்ணெய் எல்லாம் சொல்வார்கள். அவையும் பூனைக்கு நஞ்சுதான்.

சொட்டு மருந்துகளால் பாதிப்பு என்று புகார்கள் கூடியதால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009இல் ஆய்வில் இறங்கியது. நாய் மருந்தையும் பூனை மருந்தையும் பார்த்ததும் பிரித்தறியும்படி அட்டையில் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று அடுத்த வருடம் சொன்னது. நம் கடைகளிலும் இரண்டையும் ஒரே அலமாரியில் கலந்து வைக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

மறுநாள் காலையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். 1903இல் தொடங்கிய கல்லூரி. கூட்டம் இருக்கும், பொறுமை வேண்டும். எடை என்ன, வயது என்ன, சினையா, வீட்டில் வேறு பிராணி உண்டா என்று டாக்டர் கேட்டார். முயல் உண்டா என்றும் கேட்டார், ஏனென்றால் அவர் எழுதப்போன ஃபிப்ரோனில் பூனைக்கு ஒத்துக்கொள்ளும், முயலுக்கு ஆகாது. சொக்கிக்குப் பூனைக்கான ஃபிப்ரோனில் சொட்டு மருந்து. தெள்ளுப்பூச்சி வழியாக நாடாப்புழு தொற்றும் என்பதால் கூடவே பூச்சி மாத்திரை.

தெருவிலிருந்து எடுத்துவந்த குட்டிக்கு இன்னும் எட்டு வாரம் ஆகவில்லை. அதற்கு மருந்தே கூடாது, தினமும் சீப்பால் வாரி, எடுத்த பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள் என்றார். ஈறு வெளுத்தால் உடனே தூக்கிவரச் சொன்னார். குட்டிகளுக்கு ரத்தசோகை வரும் அளவுக்கு இந்தப் பூச்சி ரத்தம் குடித்துவிடுமாம்.

சொட்டு மருந்தைப் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் படும்படி விட்டேன். காயும்வரை குட்டியைத் தனி அறையில் வைத்தேன், நக்கிவிடக் கூடாதே என்று.

உண்மையான வேலை வீட்டில்தான். பூனை மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூடுமாக மிச்சமெல்லாம் பாய், சோபா இடுக்கு, மிதியடியில் கிடக்கும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் மருந்து போட்ட பிறகும் சில வாரம் புதுப் பூச்சிகள் வரும். மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து மறுபடி விடக் கூடாது. சரி என்று பொறுத்துக்கொண்டு, சொக்கியின் துணிகளைக் கொதிநீரில் துவைத்து மொட்டை மாடி வெயிலில் போட்டேன். இடுக்குகளில் வாக்யூம் போட்டு, குப்பையை அன்றன்றே வெளியே கொட்டினேன்.

அடுத்த தவணைக்குள் குட்டிக்கு எட்டு வாரம் தாண்டிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். ஒரு கிலோவைத் தாண்டியிருந்தது. டாக்டரிடம் சொல்லி, அதற்கான அளவைக் கேட்டு வாங்கினேன்.